விண்மீன் மறைப்பை வானாய்வகத் தொலைநோக்கியில் வீடியோவாகப் பதிவு செய்தல்: முழுமையான வழிகாட்டி

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து அதை மறைக்கவிருந்தது. அந்த மறைப்பை அளப்பதற்காகக் கைப்பர் வான்வழி ஆய்வகம் என்ற விமானம் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்தது. கோள் விண்மீனை நெருங்குவதற்கு வெகு முன்பே கருவியைத் தொடங்கி வைத்திருந்ததால், விண்மீனின் ஒளி சில முறை சட்டெனக் குறைந்து மீண்டது பதிவானது. சவ்வாது மலையிலுள்ள காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியிலும் அதே இரவில் ஒளிக்குறைவு பதிவானது. அதைப் புதிய துணைக்கோள் ஒன்றின் வேலை என்றே முதலில் அறிவித்தார்கள். வெவ்வேறு இடங்களில் எடுத்த நேரப் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோதுதான் அவை யுரேனஸின் வளையங்கள் என்பது உறுதியானது. அன்று பயன்பட்டது ஒளிமானி. இன்று அந்த வேலையை வேகமான வீடியோ கேமரா செய்கிறது. மற்றபடி வேலையின் தன்மை மாறவில்லை: எப்போது ஒளி குறைந்தது, எப்போது மீண்டது என்ற இரண்டு நேரங்களைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி சிறுகோள் மறைப்பையும் நிலவு மறைப்பையும், அதாவது சிறுகோளோ நிலவோ ஒரு விண்மீனை மறைப்பதை, ஒரு வானாய்வகத் தொலைநோக்கியில் வீடியோவாகப் பதிவு செய்வது பற்றியது. கல்லூரி மொட்டை மாடிக் குவிமாடத்தில் இருக்கும் 35 செ.மீ. கருவிக்கும் மலைமேல் இருக்கும் 1 மீட்டர் கருவிக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும். பார்ப்பதற்கு அழகான படம் வேண்டுமென்று வருபவர்களுக்கு இது ஏமாற்றமளிக்கலாம். இங்கே நல்ல பதிவு என்பது பெரும்பாலும் இரைச்சல் நிறைந்த சாம்பல் திரையில் துடிக்கும் நான்கைந்து புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகளுக்கு நம்பத்தக்க நேர முத்திரை இருந்தால் அது அளவீடு. இல்லையென்றால் எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் எடுத்திருந்தாலும் அது வெறும் வேடிக்கைக் காட்சி.

நிகழ்வைத் தேர்ந்தெடுத்தல்

சூரியக் குடும்பத்துப் பொருள் ஒன்று தொலைவிலுள்ள விண்மீனுக்கு முன்னால் வரும்போது, அப்பொருளின் அளவேயுள்ள நிழல் ஒன்று பூமியின் மேல் ஓடுகிறது. முதன்மைச் சிறுகோள் பட்டையைச் சேர்ந்த பொருள்களின் நிழல் பெரும்பாலும் விநாடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 60 கி.மீ. விட்டமுள்ள சிறுகோளின் நிழல் விநாடிக்கு 12 கி.மீ. வேகத்தில் சென்றால், நடுக்கோட்டில் இருப்பவருக்கு விண்மீன் 5 விநாடிகள் மறையும். பாதையின் ஓரத்தில் இருப்பவருக்கு அதைவிடக் குறைவு. பாதைக்கு வெளியே இருப்பவருக்கு எதுவும் நடக்காது.

மறைப்புகளைக் கணிக்கும் ஆக்கல்ட் என்ற இலவச மென்பொருளும், அதன் கணிப்புகளை உங்கள் இடத்துக்கேற்ப வடிகட்டித் தரும் ஆக்கல்ட்வாட்சரும் இத்துறையில் பரவலாகப் பயன்படுபவை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் விண்மீன்களின் இடங்களை மிகத் துல்லியமாக அளந்து தந்த பிறகு, கணிப்புகளின் நம்பகத்தன்மை பெருமளவு உயர்ந்திருக்கிறது. முன்பு நிழல் பாதை தன் அகலத்தைவிடப் பல மடங்கு விலகி ஓடுவது சாதாரணமாக இருந்தது. ஆயினும் பட்டியலில் தரப்பட்டிருக்கும் பிழை எல்லையை எப்போதும் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

தேர்வில் நான்கு விவரங்களைப் பார்த்தால் போதும். முதலாவது விண்மீனின் பொலிவெண், அதாவது பிரகாசத்தைக் குறிக்கும் எண்; எண் கூடக் கூட விண்மீன் மங்கல். இரண்டாவது, மறைப்பின்போது ஒளி எவ்வளவு குறையும் என்பது. மறைப்புக்கு முன் விண்மீனும் சிறுகோளும் ஒரே புள்ளியாகவே தெரியும் என்பதால், சிறுகோளே பிரகாசமாக இருந்தால் விண்மீன் மறைவது எளிதில் புலப்படாது. 13ஆம் பொலிவெண் விண்மீனை 11ஆம் பொலிவெண் சிறுகோள் மறைத்தால், மொத்த ஒளியில் சுமார் 14 விழுக்காடுதான் குறையும். வளிமண்டல நடுக்கமே அதை விழுங்கிவிடக் கூடும். மாறாக 12ஆம் பொலிவெண் விண்மீனை 15ஆம் பொலிவெண் சிறுகோள் மறைத்தால், புள்ளி திரையிலிருந்து ஏறக்குறைய காணாமலே போகும். மூன்றாவது, நிகழ்வின்போது விண்மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது. 20 பாகைக்குக் கீழே இருந்தால் சிறிய கருவிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்காவது நிலவின் நெருக்கம்.

கணிப்புகள் உலக நேரத்தில் தரப்படுகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், 14ஆம் தேதி உலக நேரம் 20:45 என்பது நமக்கு 15ஆம் தேதி அதிகாலை 2:15. குவிமாடத்தை முன்பதிவு செய்யும் படிவத்தில் இரண்டு தேதிகளையும் எழுதிவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகத்து மலைகளில் வானம் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதையும் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். காவலூர்ப் பகுதியில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான இரவுகளே பொதுவாகக் கைகொடுப்பவை.

தொலைநோக்கியையும் கேமராவையும் பொருத்துதல்

பெரிய தொலைநோக்கியின் பலம் ஒளி திரட்டுவது. 1 மீட்டர் கண்ணாடி, 20 செ.மீ. கண்ணாடியைப் போல 25 மடங்கு ஒளியைத் திரட்டும். அதாவது ஒரே ஒளியூட்ட நேரத்தில் (ஒரு பிரேமுக்குக் கேமரா ஒளியை வாங்கும் நேரத்தில்) சுமார் மூன்றரைப் பொலிவெண் மங்கலான விண்மீன்வரை எட்டலாம். ஆனால் அதன் பார்வைப் புலம் குறுகியது. இதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். காவலூரின் 1 மீட்டர் கருவியைப் போல எஃப்/13 குவிய விகிதம் இருந்தால், குவியத் தொலைவு கண்ணாடி விட்டத்தைப் போல 13 மடங்கு, அதாவது 13 மீட்டர்; குவியத் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது வானத்தில் சுமார் 16 வில்விநாடி (ஒரு பாகை 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடம் 60 வில்விநாடி). மறைப்புப் பதிவுகளில் பெரிதும் பயன்படும் சோனி ஐஎம்எக்ஸ்174 சென்சாரின் நீளம் 11.3 மி.மீ., அகலம் 7.1 மி.மீ. ஆகவே திரையில் தெரியும் வானம் நீளத்தில் 3 வில்நிமிடம், அகலத்தில் 2 வில்நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தச் சிறு சன்னலுக்குள் இலக்கு விண்மீனும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விண்மீனும் இருக்க வேண்டும். ஒப்பீட்டு விண்மீன் இல்லாத பதிவில், ஒளி குறைந்தது சிறுகோளாலா மேகத்தாலா என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது பிக்சல். அந்தச் சென்சாரின் ஒரு பிக்சல் 5.86 மைக்ரோமீட்டர், இந்தக் குவியத் தொலைவில் அது 0.1 வில்விநாடிக்கும் குறைவான வானத்தையே பார்க்கும். வளிமண்டல நடுக்கத்தால் விண்மீனின் உருவம் 2 வில்விநாடி அகலத்துக்குப் பரவினால், ஒளி இருபதுக்கும் மேற்பட்ட பிக்சல் விட்டத்துக்குச் சிதறும். ஒவ்வொரு பிக்சலும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும். எனவே குவியக் குறைப்பி லென்ஸ் ஒன்றைப் பொருத்துவதே முதல் தீர்வு. புலமும் விரியும், ஒளியும் குறைவான பிக்சல்களில் குவியும். அது கிடைக்காவிட்டால் நான்கு பிக்சலை அல்லது பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும் பின்னிங் முறையைப் பயன்படுத்தலாம்; ஆனால் புலம் விரியாது என்பதால் ஒப்பீட்டு விண்மீன் பிரச்சினை அப்படியே இருக்கும். எந்த ஏற்பாடானாலும் விண்மீனின் அகலம் இரண்டரை முதல் ஐந்து பிக்சலுக்குள் அமைவது வசதியானது.

கேமராவைப் பொறுத்தவரை கருப்பு வெள்ளைச் சென்சாரே வேண்டும். நிறச் சென்சாரின் மேலுள்ள வடிகட்டிகள் ஒளியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சிறுகோள் மறைப்புக்கு ஃபில்டர் எதையும் போடத் தேவையில்லை. சென்சாரின் எல்லாப் பிக்சல்களும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடும் வகை, அதாவது குளோபல் ஷட்டர், சிறந்தது. வரிவரியாகப் படிக்கும் ரோலிங் ஷட்டரில் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நேரம் வேறுபடும். ஒரு பிரேமைப் படிக்க 30 மில்லிவினாடி ஆனால், விண்மீன் திரையில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அத்தனை வேறுபாடு வரலாம். திருத்திக்கொள்ள இயலும்தான், ஆனால் அதற்கு வரியெண்ணையும் படிக்கும் வேகத்தையும் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

நேரம்

இந்த வேலையில் பெரும்பாலான பதிவுகள் வீணாவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிழல் விநாடிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஓடும்போது பத்தில் ஒரு விநாடிப் பிழை என்பது சிறுகோளின் விளிம்பில் ஒன்றரைக் கிலோமீட்டர் பிழை. பக்கத்து ஊரில் இன்னொருவர் எடுத்த பதிவோடு உங்கள் பதிவைச் சேர்க்கும்போது, இருவரின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் சிறுகோளின் வடிவமே கோணலாகிவிடும்.

மிக நல்ல வழி, ஜிபிஎஸ் உள்ளடங்கிய கேமரா. கியூஎச்ஒய்174எம்-ஜிபிஎஸ் என்ற கேமரா இத்துறையில் ஏறக்குறைய பொதுமொழியாகிவிட்டது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பின்னர் நெருங்கிச் சென்ற அரோகோத் என்ற பொருளின் மறைப்பை 2017 ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவில் பதிவு செய்ய, இருபதுக்கும் மேற்பட்ட 40 செ.மீ. தொலைநோக்கிகளில் இந்த வகைக் கேமராக்களையே பொருத்தினார்கள். ஐந்து தொலைநோக்கிகளில் மறைப்பு பதிவானது. இந்தக் கேமரா ஒவ்வொரு பிரேமின் தொடக்க, முடிவு நேரங்களைத் தானே பதிந்துகொள்ளும். உள்ளேயிருக்கும் சிறு விளக்கைக் கொண்டு அதை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். ஒளியூட்ட நேரத்தையோ பிரேமின் அளவையோ பின்னிங்கையோ மாற்றினால் அந்தத் திருத்தத்தை மறுபடியும் செய்ய வேண்டும். நிகழ்வுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒளியூட்ட நேரத்தை மாற்றிவிட்டுத் திருத்தத்தை மறப்பது மிக எளிது.

ஜிபிஎஸ் என்றாலே நேரம் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஜிபிஎஸ் அமைப்பின் சொந்த நேரம், உலக ஒருங்கிணைந்த நேரத்தைவிட 2017 தொடக்கத்திலிருந்து 18 விநாடிகள் முன்னால் ஓடுகிறது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்பட்ட லீப் விநாடிகளை அது சேர்த்துக்கொள்ளாததே காரணம். அந்த வேறுபாட்டைச் சொல்லும் தகவல் செயற்கைக்கோள் ஒலிபரப்பில் இருக்கிறது. ஆனால் அந்த ஒலிபரப்பின் முழுச் சுற்று முடிய பன்னிரண்டரை நிமிடம் ஆகும். புதிதாக இயக்கப்பட்ட கருவி, தகவல் வந்து சேரும்வரை பழைய எண்ணையோ தவறான எண்ணையோ பயன்படுத்தக் கூடும். ஆகவே ஜிபிஎஸ் ஏற்பியைக் குறைந்தது இருபது நிமிடம் முன்பே இயக்கிவிட்டு, அது காட்டும் விநாடியை நம்பகமான இன்னொரு கடிகாரத்தோடு கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். முழு விநாடிகளில் தவறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

வானாய்வகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. குவிமாடம் உலோகத்தாலானது, உள்ளே வைத்த ஆன்டெனாவுக்குச் செயற்கைக்கோள் சரியாகத் தெரியாது. திறப்பின் வழியாகச் சில செயற்கைக்கோள்கள் தெரிந்து, குவிமாடம் திரும்பியதும் அவை மறைந்து, பதிவின் நடுவில் பூட்டு, அதாவது செயற்கைக்கோள்களோடு உள்ள தொடர்பு, விடுபடும். நீளமான ஆன்டெனா கேபிளை வெளிச்சுவருக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுவதே இதற்குத் தீர்வு.

ஜிபிஎஸ் கேமரா இல்லாதவர்கள் கணினியின் கடிகாரத்தை இணைய நேரச் சேவையகங்களோடு இணைக்கும் என்டிபி முறையை நாடலாம். விண்டோஸ் தானாகச் செய்யும் நேரத் திருத்தம் இதற்குப் போதாது. தொடர்ந்து இயங்கும் தனி என்டிபி நிரல் ஒன்றை நிறுவி, நிகழ்வுக்குச் சில மணி நேரம் முன்பிருந்தே ஓடவிட வேண்டும். கம்பிவழி இணையம் நம்பத்தக்கது. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் தாமதம் முன்பின்னாக ஆடும். இத்துடன், பிரேம் சென்சாரிலிருந்து யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு வந்து முத்திரை பெறும்வரை ஆகும் தாமதமும் உண்டு. அதை அளக்க, ஜிபிஎஸ் ஏற்பியின் விநாடித் துடிப்பால் மின்னும் ஒரு சிறு எல்இடி விளக்கைத் தொலைநோக்கியின் வாயருகே பிடித்து, நிகழ்வின்போது பயன்படுத்தும் அதே அமைப்பில் வீடியோ எடுத்துப் பார்க்க வேண்டும். முழு விநாடியில் மின்ன வேண்டிய விளக்கு, வீடியோவின் முத்திரைப்படி 0.06 விநாடி தாமதமாக மின்னினால், அந்த அளவை எல்லா அளவீடுகளிலிருந்தும் கழித்துவிடலாம். நிகழ்வுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் இதைச் செய்தால், தாமதம் நிலையாக இருந்ததா என்பதும் தெரியும்.

நேரத்தோடு இடமும் வேண்டும். தொலைநோக்கியின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம் மூன்றையும் பத்து மீட்டருக்குள் துல்லியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வளாகத்தின் நுழைவாயில் அல்ல, குவிமாடத்தின் மையம்.

ஒளியூட்ட நேரம், கெயின், கோப்பு

வேகமாக எடுத்தால் நேரத் துல்லியம் கூடும். மெதுவாக எடுத்தால் விண்மீன் தெளிவாகத் தெரியும். இந்த இழுபறியில் நான் பின்பற்றும் விதி எளியது: திரையில் வரும் ஒவ்வொரு பிரேமிலும் இலக்கு விண்மீன் ஐயமின்றித் தெரிய வேண்டும், அதற்குத் தேவையான குறைந்தபட்ச ஒளியூட்ட நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 5 விநாடி மறைப்புக்கு 100 மில்லிவினாடி தாராளமாகப் போதும். பிரகாசமான விண்மீன் என்றால் 40 அல்லது 20க்கு இறங்கலாம். அதற்கும் கீழே போவதால் சிறுகோளில் பயன் மெல்லக் குறையும், ஏனெனில் நிழலின் விளிம்பு கத்தி போல் கூர்மையானது அல்ல. ஒளி விளிம்பில் வளைந்து பரவும் விளிம்பு விளைவால், ஒன்றரை வானியல் அலகுத் தொலைவிலுள்ள (பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவே ஒரு வானியல் அலகு) சிறுகோளின் நிழல் விளிம்பு சுமார் 250 மீட்டர் அகலத்துக்குக் கலங்கியிருக்கும். விநாடிக்கு 15 கி.மீ. வேகத்தில் அது 17 மில்லிவினாடிதான்.

வேகம் கைகொடுத்ததற்குச் சிறந்த சான்று 2013 ஜூன் 3 அன்று கிடைத்தது. சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே சூரியனைச் சுற்றும் சாரிக்லோ என்ற சிறு பொருள் ஒரு விண்மீனை மறைத்ததைத் தென் அமெரிக்காவில் பல தொலைநோக்கிகள் பதிவு செய்தன. சிலியின் லா சில்லாவில் இருந்த 1.54 மீட்டர் டேனிஷ் தொலைநோக்கியில் விநாடிக்குச் சுமார் பத்துப் பிரேம் எடுக்கும் கேமரா இருந்தது; அதனால்தான் சாரிக்லோவைச் சுற்றியிருப்பது ஒரு வளையமா இரண்டா என்ற கேள்விக்கு இரண்டு என்ற விடை தெளிவாகக் கிடைத்தது. அந்த வளையங்களின் அகலம் முறையே சுமார் 7 கி.மீ., 3 கி.மீ. மட்டுமே.

சென்சாரின் குறிப்பலையைப் பெருக்கும் அளவான கெயினைப் பொறுத்தவரை, இலக்கும் ஒப்பீட்டு விண்மீனும் உச்ச அளவைத் தொடாமல் இருக்க வேண்டும். வளிமண்டல நடுக்கத்தில் சில பிரேம்களில் விண்மீன் திடீரெனக் கூர்மையாகி உச்சத்தைத் தாண்டும் என்பதால், சராசரி உச்சம் பாதி அளவில் இருக்கும்படி அமைப்பது பாதுகாப்பானது. தானியங்கி ஒளியூட்டம், தானியங்கி கெயின், காமா, இரைச்சல் குறைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். ஒளியின் அளவை மென்பொருள் தன்னிச்சையாக மாற்றினால், நேரத்துக்கேற்ப ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம், அதாவது பிறகு வரும் ஒளிவளைகோடு, பொய் சொல்லும்.

கோப்பு வடிவமாக, ஒவ்வொரு பிரேமையும் இழப்பின்றிச் சேமிக்கும் எஸ்இஆர் அல்லது ஃபிட்ஸ் பயன்படுத்துங்கள். சுருக்கப்பட்ட எம்பி4 போன்ற வடிவங்கள் பிரேம்களுக்கிடையே தகவலைப் பகிர்ந்து சேமிப்பதால், மங்கலான விண்மீன் எந்தப் பிரேமில் மறைந்தது என்பதே அழிந்துபோகும். கோப்பின் அளவை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 1936 பெருக்கல் 1216 பிக்சல், 16 பிட் என்றால் ஒரு பிரேம் 4.7 மெகாபைட். விநாடிக்கு 25 பிரேம் வீதம் பத்து நிமிடத்துக்கு 70 கிகாபைட். பல மடிக்கணினிகளின் சாதாரண வன்தட்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பிரேம்களைத் தவறவிடும். பார்வைப் புலத்தை 640 பெருக்கல் 480க்குக் குறுக்கினால் அதே பத்து நிமிடம் 9 கிகாபைட்டில் அடங்கும். எஸ்எஸ்டி தட்டும், மூன்று மீட்டருக்கு மேற்படாத நல்ல யுஎஸ்பி 3 கேபிளும் இருந்தால் நிம்மதி. கணினியை அதற்காகவே கருவியின் அருகில் வைக்க வேண்டியிருக்கும்.

நிகழ்வு இரவில்

முந்தைய இரவிலேயே புலத்தைக் கண்டுபிடித்து வைப்பது எந்த உபகரணத்தையும்விட உதவும். விண்மீன்கள் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வருவதால், நிகழ்வு 2:15க்கு என்றால் முந்தைய இரவு 2:19க்கு வானம் அதே நிலையில் இருக்கும். அப்போது தொலைநோக்கியைத் திருப்பி, ஒளியூட்ட நேரத்தைச் சோதித்து, தொலைநோக்கித் தாங்கியின் எல்லை நிறுத்தமோ, விண்மீன் வானத்தின் வடக்கு-தெற்கு நடுக்கோட்டைக் கடக்கும்போது செய்ய வேண்டிய திருப்பமோ நிகழ்வு நேரத்தில் குறுக்கிடுகிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளலாம். புலப் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோங்கள்; கேமராவில் உருவம் தலைகீழாகவோ இடவலமாகவோ தெரிகிறதா என்பதை அதில் குறித்துவிடுங்கள். 3 வில்நிமிடச் சன்னலில் எது இலக்கு விண்மீன் என்று தேடிக்கொண்டிருக்க, நிகழ்வு நாளில் நேரம் இருக்காது. படத்திலுள்ள விண்மீன்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டறியும் பிளேட் சால்விங் மென்பொருள் இருந்தாலும் அந்த அளவு சிறிய புலத்தில் போதிய விண்மீன்கள் இல்லாமல் அது தோற்கலாம். அகலமான துணைத் தொலைநோக்கியில் இன்னொரு கேமரா இருந்தால் அதிலிருந்து அடையாளம் காண்பது எளிது.

சூரியன் மறைந்ததும் குவிமாடத்தைத் திறந்து, கண்ணாடியும் உள்காற்றும் வெளி வெப்பநிலைக்கு வர விடுங்கள். குவியத்தை நிகழ்வுக்கு அரை மணி முன்பு மீண்டும் சரிபாருங்கள். வெப்பநிலை இறங்க இறங்கக் குழாய் சுருங்கிக் குவியம் நகரும். அதன்பின் இந்த வரிசை வசதியானது:

1. நிகழ்வுக்கு 30 நிமிடம் முன்: ஜிபிஎஸ் பூட்டு, விநாடிச் சரிபார்ப்பு, கேமரா அளவுதிருத்தம்.
2. 20 நிமிடம் முன்: கணினியின் உறக்க நிலை, திரைக்காப்பு, விண்டோஸ் புதுப்பிப்பு, வைரஸ் தேடல் ஆகியவற்றை நிறுத்துதல், யுபிஎஸ் இணைப்பை உறுதிசெய்தல்.
3. 15 நிமிடம் முன்: ஒரு நிமிடச் சோதனைப் பதிவு, அதன் நேர முத்திரைகளைத் திறந்து பார்த்தல்.
4. 5 நிமிடம் முன்: குவிமாடத் திறப்பை இன்னும் கால் மணிக்குத் தேவைப்படும் அளவு முன்னகர்த்தி நிறுத்துதல், எல்லா விளக்குகளையும் அணைத்தல்.
5. குறைந்தது 2 நிமிடம் முன்: பதிவைத் தொடங்குதல். கணித்த நேரத்துக்கு 2 நிமிடம் பின்: நிறுத்துதல்.

மூன்றாவது படியைத் தவிர்க்கும் ஆசை வலுவாக இருக்கும், தவிர்க்கக் கூடாது. பிரேம்கள் தவறுகின்றனவா, முத்திரை பதிகிறதா என்பதை நிகழ்வுக்கு முன் அறிய வேறு வழியில்லை. நான்காவது படியில் குவிமாடத்தை நிறுத்துவது, அதன் மோட்டார் ஓடும்போது தளம் அதிர்ந்து விண்மீன் புலத்தில் துள்ளும் என்பதால். தொலைநோக்கி இயக்குநரிடம் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும். வழக்கமான நீண்ட ஒளியூட்டப் படங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவைப்படுவதில்லை என்பதால், அவர் பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிடுவார். பார்வையாளர்கள் இருந்தால் கைபேசி விளக்குகளையும் நடமாட்டத்தையும் அந்தச் சில நிமிடங்களுக்கு நிறுத்தச் சொல்லுங்கள்.

வளையமோ துணைக்கோளோ இருக்கக் கூடிய பொருள் என்றால் இரண்டு நிமிடம் போதாது. கணித்த நேரத்தின் இருபுறமும் பத்து நிமிடத்துக்கு மேல் பதிவு செய்வது பயன் தரும். யுரேனஸின் கதை அதற்கே சாட்சி. நினைவகம் மலிவானது, அந்த விண்மீன் அந்தப் பொருளின் பின்னால் மறுபடி வரப்போவதில்லை.

நிலவு மறைப்பில் மாறுபவை

நிலவு விண்மீன்களினூடே விநாடிக்குச் சுமார் அரை வில்விநாடி நகர்கிறது. அதற்குக் காற்றுமண்டலம் இல்லாததால் விண்மீன் கண்சிமிட்டும் நேரத்துக்குள் அணைந்துவிடும். இங்கே விளிம்பு விளைவின் கலக்கம் பத்து மீட்டர் அளவே என்பதால் 20 மில்லிவினாடிக்கும் குறைந்த ஒளியூட்டம் அர்த்தமுள்ளது. வளர்பிறையில் விண்மீன் இருண்ட விளிம்பில் மறையும். தேய்பிறையில் இருண்ட விளிம்பில் மீண்டு வரும். மீள்வரவைப் பதிவு செய்வது கடினம், ஏனெனில் ஒன்றுமில்லாத இடத்தில் கேமராவைச் சரியாக நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒளிரும் பகுதி புலத்துக்கு வெளியே இருக்குமாறு தொலைநோக்கியை நகர்த்தி வையுங்கள். பெரிய கண்ணாடியில் நிலவொளியின் சிதறல் கடுமையாக இருக்கும், இங்கே சிவப்பு அல்லது அண்மை அகச்சிவப்பு ஃபில்டர் உதவும்.

பலன் சில வேளை எதிர்பாராமல் வரும். ஒற்றை விண்மீன் என்று கருதப்பட்டது இரண்டு படிகளாக அணைந்தால் அது இரட்டை விண்மீன். கேட்டை போன்ற பெருவிண்மீன் ஒரே பிரேமில் அணைவதில்லை. அதன் கோண விட்டம் சுமார் 0.04 வில்விநாடி என்பதால் அணைவதற்குப் பத்தில் ஒரு விநாடியை ஒட்டிய நேரம் எடுக்கும். வேகமான பதிவில் அந்தச் சரிவையே அளந்து விண்மீனின் அளவைக் கணக்கிடலாம்.

பதிவிலிருந்து அளவீட்டுக்கு

டாங்ரா, பைமூவி ஆகிய இலவச மென்பொருள்கள் வீடியோவின் ஒவ்வொரு பிரேமிலும் விண்மீனைச் சுற்றி வட்டம் வரைந்து ஒளியளவைக் கூட்டித் தரும். இலக்குக்கும் இரண்டு ஒப்பீட்டு விண்மீன்களுக்கும் அளவெடுங்கள். இலக்கு மறையும்போதும் வட்டம் தன் இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதால், அதன் இடத்தை ஒப்பீட்டு விண்மீனோடு பிணைத்துவிடுவது அவசியம். இல்லையென்றால் மென்பொருள் அருகிலுள்ள இரைச்சல் புள்ளியைத் துரத்திச் செல்லும்.

ஒளிவளைகோடு வந்ததும் முதலில் நேர முத்திரைகளின் இடைவெளியைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். எங்காவது இரட்டிப்பாகியிருந்தால் அங்கே பிரேம் தவறியிருக்கிறது. பிறகு ஒளி குறைந்த இடத்தில் ஒப்பீட்டு விண்மீன்கள் என்ன செய்தன என்று பாருங்கள். அவையும் குறைந்திருந்தால் மேகம். ஒரே பிரேமில் மட்டும் குறைந்து மீண்டிருந்தால் அது பெரும்பாலும் இரைச்சல்தான். கணித்த நேரத்துக்கும் கணித்த ஒளிக்குறைவுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே அதைப் பொருட்படுத்த வேண்டும்.

மறைந்த நேரத்தையும் மீண்ட நேரத்தையும் பிழை எல்லையோடு சேர்த்து எழுதுங்கள். முத்திரை பிரேமின் தொடக்கத்தைக் குறிக்கிறதா, நடுவையா, முடிவையா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். 200 மில்லிவினாடி ஒளியூட்டத்தில் இதைக் குழப்பினால் 100 மில்லிவினாடி போய்விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை நிழலின் வேகத்தால் பெருக்கினால், உங்கள் இடத்துக்கு நேராகச் சிறுகோளின் குறுக்கே ஓடும் நாணின் நீளம் கிடைக்கும். 4.2 விநாடி, விநாடிக்கு 14 கி.மீ. என்றால் 58.8 கி.மீ. ஒரே நாணிலிருந்து வடிவம் தெரியாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நாண்களை அடுக்கும்போதுதான் சிறுகோளின் உருவம் எழும்.

முடிவுகளைப் பன்னாட்டு மறைப்பு நேரக்கணிப்புச் சங்கமான ஐஓடிஏவின் படிவத்தில் அனுப்பலாம். மறைப்பு நிகழாவிட்டாலும் அனுப்ப வேண்டும். நல்ல வானத்தில், சரியான விண்மீனை, இடைவிடாமல் பதிவு செய்தும் ஒளி குறையவில்லை என்றால், சிறுகோளின் விளிம்பு உங்கள் இடம்வரை எட்டவில்லை என்பது நிறுவப்பட்டுவிட்டது. பக்கத்து ஊரின் நாணுக்கு அது எல்லை கட்டும். மூலக் கோப்பை, எல்இடி சோதனைப் பதிவோடும் இடக் குறிப்போடும் சேர்த்து இரண்டு வன்தட்டுகளில் வைத்திருங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே சிறுகோளின் வடிவத்தைக் கணக்கிடும் ஒருவர் உங்கள் நேரத்தில் ஐயம் எழுப்பினால், அவருக்கு அந்த மூலக் கோப்பைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.